கப்பலுக்குக் கொடி இருக்கு... விமானத்துக்கு?

திண்டுக்கல் – மதுரை சாலையில் உள்ள காந்திகிராமத்தில், கொடி என்றதும் கதர்தான் நினைவுக்கு வரும். கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் தேசியக் கொடி என்பது 2021 டிசம்பர் வரை விதி. சரி, அந்த ஊருக்கு மேலே பறந்துபோகும் விமானத்துக்கு என்ன கொடி?

அதுக்கும் ஒன்று இருக்கிறது: ‘சிவில் ஏர் என்சைன்’. வணிகக் கப்பலுக்குத் தனிக்கொடி இருப்பதுபோல விமானத்துக்கும் வேண்டும் என்று 1931-ல் பிரிட்டன் உருவாக்கியது. வெளிர் நீலத் துணி, வெள்ளை விளிம்புடன் அடர் நீலச் சிலுவை, கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் யூனியன் ஜாக். 1935-ல் ஆஸ்திரேலியா இதே வடிவத்தில் தெற்குச் சிலுவை நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டது.

சிக்கல் என்னன்னா, பறக்கும் விமானத்தில் கொடி நிற்காது! இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் தரையிறங்கியதும் விமானி அறைக்கு மேலே சிறு கம்பத்தில் ஏற்றுவார்கள். கிளம்பும் முன் மறக்காமல் இறக்க வேண்டும். காலப்போக்கில் அந்தப் பழக்கம் போய்விட்டது.

நம் கொடி விதிகளிலும் விமானத்துக்கு இடம் உண்டு. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகியோர் வெளிநாடு செல்லும் விமானத்தில் தேசியக் கொடியும், செல்லும் நாட்டின் கொடியும் இருக்க வேண்டும். சாதாரணப் பயணிக்கு இது பொருந்தாது.

அப்போ, விமானம் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று எப்படித் தெரியும்? பதிவு எழுத்தை வைத்துத்தான். பதிவு செய்த நாடே விமானத்தின் நாடு என்கிறது 1944 சிகாகோ உடன்படிக்கை. பறக்கத் தகுதிச் சான்று தருவதும் பொதுவாக அந்த நாடுதான். இந்திய விமானங்களில் ‘விடி’ என்று இருக்கும். ‘வைசிராய் டெரிட்டரி’ என்பதன் சுருக்கம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது கதை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் ஒதுக்கப்பட்ட ரேடியோ குறியீடு, அவ்வளவுதான்.

டிக்கெட்டில் உள்ள கம்பெனி பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 2023-ல் இண்டிகோ, டெல்லி – இஸ்தான்புல் சேவைக்காகத் துருக்கி ஏர்லைன்ஸிடமிருந்து போயிங் 777 விமானங்களை விமானியோடு வாடகைக்கு எடுத்தது. டிக்கெட் இந்தியக் கம்பெனியுடையது. விமானத்தின் மேல் இருந்தது துருக்கியின் ‘டிசி’. 2025-ல் துருக்கியுடன் உறவு கசந்தபோது, அந்த வாடகைக்கு அனுமதியை நீட்டிப்பதே அரசியல் பிரச்சினை ஆனது.