முனைவர் பட்டம் வரை – 9: வினாப்படிவத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

384.

வணிக மேலாண்மையில் பிஎச்.டி. செய்கிறவர்களிடம் "எத்தனை பேரிடம் தகவல் எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் இந்த எண்தான் பதிலாக வரும். தலைப்பு எதுவானாலும், ஊர் எதுவானாலும் அதே 384. ஈரோட்டிலிருந்து எழுதியிருக்கும் ஒரு வாசகியின் கவலையும் இதுதான். தலைப்பு முடிவாகிவிட்டது, வினாப்படிவம் அச்சாகி வந்துவிட்டது, 384 பேரை எங்கே போய்ப் பிடிப்பது என்று கேட்கிறார். அவருக்குப் பதிலாகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

1970இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் ஒரு சிறிய கட்டுரையில் அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். மொத்தம் 100 பேர் இருந்தால் 80 பேரிடம் கேளுங்கள், 1,000 பேர் இருந்தால் 278, பத்து லட்சம் பேர் இருந்தால் 384 என்று அது போகும். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பத்து லட்சம் பேரில் யார் வேண்டுமானாலும் தேர்வாக ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும், குடவோலையில் சீட்டு எடுப்பதுபோல. நாம் அப்படியா எடுக்கிறோம்? ஹெச்.ஆர். மேனேஜர் தெரிந்தவராக இருப்பார். டீ நேரத்தில் அவர் கைகாட்டுகிற ஆட்களிடம் தாளை நீட்டுகிறோம். அப்படிச் சேர்த்த 384க்கும் 150க்கும் அந்த அட்டவணையைப் பொறுத்தவரை வித்தியாசம் ஒன்றும் இல்லை. கணக்கின் நிபந்தனையை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இருபது வருடங்களுக்கு முன்னால், திருப்பூரில். பனியன் கம்பெனிகளில் ஆட்கள் ஏன் நிலைத்து நிற்பதில்லை என்பதுதான் என் ஆய்வு. 48 கேள்விகள் வைத்திருந்தேன். சம்பளம், மேற்பார்வையாளர் நடத்தும் விதம், காற்றோட்டம், கழிப்பறை, மரியாதை, எல்லாவற்றுக்கும் 'முற்றிலும் உடன்படவில்லை' முதல் 'முற்றிலும் உடன்படுகிறேன்' வரை ஐந்து கட்டங்கள். ஒரு கம்பெனியில் கைமடி வேலை பார்த்த பெண் ஒருவரிடம் தாளோடு உட்கார்ந்தேன். கைமடி என்றால் டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்து வருவதைப் பிரித்து அடுக்குகிறவர். பதினொரு மணி டீ நேரம். ஒரு கையில் டம்ளர், மடியில் தாள். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் மணி அடித்துவிடும் என்று நானே வாசித்து, அவர் சொல்லச் சொல்ல டிக் போட்டேன். 31ஆவது கேள்வி: 'இந்த நிறுவனத்தில் தொடர்ந்து பணியாற்ற விரும்புகிறேன்.'

"ஆமாங் மேடம், இங்கயே இருந்துக்கலாமுங்க. தண்ணி வசதியெல்லாம் நல்லாருக்குதுங்க."

ஐந்து போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே கம்பெனிக்குப் போனால் அந்த வரிசை முழுக்கக் காலி. பதினாலு பேரும் போயிருந்தார்கள். அவர் குடியிருந்த லைன் வீட்டைத் தேடிப் போய்க் கேட்டேன். "நானா எங்கீங் மேடம் போறேன்? எங்க காண்ட்ராக்ட் அண்ணனுக்கு வேற கம்பெனியில ரேட்டு ஏத்திக் குடுத்தாங்க, போயிட்டாருங்க. அவரு போனா நாங்களும் போயாகோணுமில்லீங்க. தீவாளிக்கு முன்பணம் வாங்கியிருக்கறமில்லீங்க."

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. அங்கேயே இருக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் இருப்பதும் போவதும் அவர் கையில் இல்லை. என் 48 கேள்விகளில் காண்ட்ராக்டர் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. முன்பணம் என்ற சொல்லும் இல்லை. ஏன் இல்லை? அந்தக் கேள்விகளை நான் திருப்பூரிலிருந்து எடுக்கவில்லை, ஆய்விதழ்களிலிருந்து எடுத்தேன். 1977இல் வில்லியம் மோப்லி என்ற அறிஞர் ஒருவர் வேலையை விடுவது எப்படி நடக்கிறது என்று படிப்படியாக வரைந்து காட்டினார்: மனக்குறை வரும், விட்டுவிடலாமா என்ற யோசனை வரும், வேறு வேலை தேடுவார், ஒப்பிட்டுப் பார்ப்பார், முடிவெடுப்பார், போவார். நியமன உத்தரவு கையில் வைத்திருக்கும் ஒரு தனி ஆளை மனத்தில் வைத்து வரைந்த வரைபடம் அது. அந்த ஆளுக்கு அது பொருந்தும். பதினாலு பேராகச் சேர்ந்து இடம் மாறுகிற கைமடிக்குப் பொருந்தாது. நான் ஆளை ஆளாக எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணியிருக்க வேண்டியது கூட்டத்தை.

ஐந்து கட்ட அளவுகோலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதுவே ஒரு முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்ததுதான். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை அது. மனப்பான்மையை அளக்க அதற்கு முன் இருந்த முறையில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு எடை என்று தீர்மானிக்க நடுவர்கள் கூட்டம் ஒன்று தேவைப்பட்டது. அந்தச் சுமையை அவர் இறக்கி வைத்தார். ஒருவர் ஒன்றைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அளக்க இன்றைக்கும் அது நல்ல கருவி. அவருக்கு என்ன நடக்கிறது என்பதை அளக்க அது செய்யப்படவில்லை.

நடப்பதைப் பார்க்கப் போன ஒருவருடைய ஆய்வேட்டைப் பற்றிச் சொல்கிறேன். மேலாண்மையில் ஆய்வு செய்ய வருகிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே இதைத்தான் சொல்கிறேன்.

ஹென்றி மின்ட்ஸ்பெர்க், கனடாக்காரர், மான்ட்ரியலில் பிறந்தவர். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ரயில்வேயில் வேலை பார்த்தார், பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்கு வந்தார். அப்போது நாசாவின் தலைவராக இருந்த ஜேம்ஸ் வெப், தான் செய்யும் நிர்வாக வேலையை யாராவது ஆராய வேண்டும் என்று அந்தக் கல்லூரியை அணுகினார். மின்ட்ஸ்பெர்கைக் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். ஒருவர் அறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எம்.ஐ.டி.யில் ஆய்வேடாகுமா என்ற தயக்கம். பிறகு, மேலாளரின் வேலையைக் கணினி எப்படி மாற்றும் என்று பேசக் கூடிய ஒரு கூட்டத்தில் இருந்தார். பேச்சு நகரவே இல்லை. மேலாளரின் வேலை என்ன என்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கிளம்பினார்.

மேலாளரின் வேலை என்ன என்று 1916இல் பிரான்சின் ஹென்றி ஃபயோல் எழுதிவைத்தது அன்றைக்கும் பாடமாக ஓடிக்கொண்டிருந்தது. திட்டமிடு, ஒழுங்கமை, ஆணையிடு, ஒருங்கிணை, கட்டுப்படுத்து. இன்றும் நம் எம்.பி.ஏ. முதல் பருவத்தில் அதுதான் ஓடுகிறது. 1951இல் ஸ்வீடனில் சூனே கார்ல்சன் ஒரு படி முன்னே போனார். ஒன்பது நிர்வாக இயக்குநர்களின் நேரம் எப்படிப் போகிறது என்று நான்கு வாரம் படிவங்களில் குறித்து வாங்கினார். மின்ட்ஸ்பெர்க் அந்தப் படிவங்களையும் விட்டுவிட்டுத் தானே போய் உட்கார்ந்தார். ஐந்து தலைமை அதிகாரிகள், ஆளுக்கு ஒரு வாரம். ஆலோசனை நிறுவனம், தொழில்நுட்ப நிறுவனம், மருத்துவமனை, நுகர்பொருள் நிறுவனம், பள்ளிக் கல்வி நிர்வாகம் என்று ஐந்து இடங்கள்.

அவர் வைத்திருந்தது மூன்று பதிவேடுகள். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது ஒன்று. வந்த தபால், போன தபால் இன்னொன்று. யார் யாரோடு எதற்காகப் பேசினார் என்பது மூன்றாவது. ஐந்து வாரத்தில் 368 பேச்சுகள், 890 தபால்கள். அந்த அதிகாரிகள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்தவை. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். ஒரு தொலைபேசிப் பேச்சு சராசரியாக ஆறு நிமிடம், மேசையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம். அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆற அமரத் திட்டம் போடுகிற மேலாளரை அவர் அங்கே பார்க்கவில்லை. 1968இல் ஆய்வேடு முடிந்தது, 1973இல் புத்தகமாக வந்தது. மேலாளர் வகிக்கும் பத்துப் பாத்திரங்கள் என்று இன்றைக்கு நாம் பரீட்சையில் எழுதுவது அதிலிருந்து வந்ததுதான்.

ஐந்தே பேர். 384 இல்லை.

அந்த ஐந்து பேரும் ஆண்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1990இல் சாலி ஹெல்கசன் தலைமைப் பதவியில் இருந்த நான்கு பெண்களின் நாள்களை அதே வழியில் கூட இருந்து பார்த்து எழுதினார். மின்ட்ஸ்பெர்கின் ஆண்கள் இடையூறு என்று எடுத்துக்கொண்ட குறுக்கீடுகளை இந்தப் பெண்கள் தங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டதை அதில் காட்டியிருக்கிறார். ஒருவர் போய்ப் பார்த்து எழுதினால், அடுத்தவர் போய்ப் பார்த்து அதைத் திருத்தலாம். என் கேள்வித்தாளை வாங்கி இன்னொருவர் கோவையில் 384 பேரிடம் நிரப்பினால் எதைத் திருத்துவார்?

திருப்பூருக்கே வருகிறேன். அந்த ஊரைப் பற்றி உலகம் மதிக்கும் இரண்டு ஆய்வுகள் நினைவுக்கு வருகின்றன. இரண்டையும் செய்தது மேலாண்மைத் துறை இல்லை, அது எனக்கு வருத்தம்தான். ஷரத் சாரி புவியியல் துறைக்காரர். தொழிலாளியாக இருந்து முதலாளி ஆன பனியன் கம்பெனிக்காரர்களிடம் உட்கார்ந்து பேசினார். எப்படி வளர்ந்தீர்கள் என்று கேட்டால் அவர்கள் வாயில் வந்துகொண்டே இருந்த ஒரு சொல் 'உழைப்பு'. அந்தச் சொல்லையே கேள்வியாக்கிப் பின்தொடர்ந்து ஒரு பெரிய புத்தகம் எழுதினார், 2004இல் வந்தது. அதே ஆண்டில் அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற இரண்டு பொருளியலாளர்களின் கட்டுரை வெளியானது. உள்ளூர்ச் சமூகத்தார் அதிக முதலோடு தொழில் தொடங்குகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கி வேகமாக வளர்கிறார்கள். அப்படியென்றால் பணம் திறமையைப் பார்த்துப் போகவில்லை, உறவைப் பார்த்துப் போகிறது என்று காட்டினார்கள். முதல், உறவு, உழைப்பு மூன்றுமே மேலாண்மையின் பாடங்கள். நம் துறையில் அதே ஊரைப் பற்றி எத்தனையோ ஆய்வேடுகள் இருக்கின்றன. 'திருப்பூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கொண்டு' என்று முடியும் தலைப்பில் அந்த ஊர் பெயரளவில்தான் இருக்கும். திருப்பூரை எடுத்துவிட்டு ஓசூர் என்று போட்டாலும் உள்ளே எதுவும் மாறாது.

களத்தில் போய் உட்காருங்கள் என்றதும் என் ஸ்காலர்கள் முதலில் சொல்வது, "நேரம் இல்லை மேடம்." அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. பகுதி நேரமாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பு, அதற்கு மேல் அட்மிஷன் வேலை. ஆனாலும் காலண்டரைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த விதி எடுத்துவிட்டது, பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஆறு ஆண்டில் களத்துக்கென்று முப்பது சனிக்கிழமை ஒதுக்க முடியாதா?

ஒதுக்கினால் என்ன செய்வது என்பதுதான் ஈரோட்டு வாசகிக்கு நான் சொல்ல வேண்டியது. அச்சான வினாப்படிவத்தை வீட்டில் வையுங்கள், கிழித்துப் போட வேண்டாம், பிறகு திருத்தப் பயன்படும். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். முதலாளியிடம் அனுமதி வாங்குங்கள். வேலை செய்கிறவர்களிடமும் நான் இன்னார், இதற்காக வந்திருக்கிறேன், உங்கள் பெயரை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். முதல் மூன்று நாள் யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள், நான்காம் நாள் உங்களை மறந்துவிடுவார்கள். மணி, யார் யாரிடம் வந்தார், என்ன பேச்சு, எவ்வளவு நேரம், யார் முடிவு சொன்னார். இவ்வளவுதான் நோட்டின் இடப்பக்கத்தில் எழுத வேண்டியது. அர்த்தம் அன்று இரவு வீட்டில் எழுதிக்கொள்ளலாம், வலப்பக்கத்தில். திருப்பூர் பக்கம் என்றால் சம்பள நாளான சனிக்கிழமை சாயங்காலத்தைத் தவறவிடாதீர்கள். யார் கையால் யாருக்குப் பணம் போகிறது என்று அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

என் பழைய தாள்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 212 பேரிடம் வாங்கியிருந்தேன். ஒதுக்கி வைத்துவிட்டு, நான்கு காண்ட்ராக்டர்களையும் அவர்களோடு போகும் ஆட்களையும் பதினோரு மாதம் பின்தொடர்ந்தேன். டாக்டோரல் கமிட்டியில் ஒருவர் மாதிரி அளவு போதாது என்று கடுமையாகச் சொன்னார். என் நெறியாளர் எனக்காகப் பேசினார். அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது. 212 தாள்களும் பின்னால் பயன்பட்டன. பதினோரு மாதத்தில் யார் போனார் என்று தெரிந்த பிறகு, அவர்கள் 31ஆவது கேள்விக்கு என்ன சொல்லியிருந்தார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். போனவர்களும் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி டிக் போட்டிருந்தார்கள். என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அதுதான்.

இப்போது என்னிடம் ஆய்வு செய்யும் பெண் ஒருவர் கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்துக்குச் சனிக்கிழமைதோறும் போய்வருகிறார். 'தொழிலாளர் மனநிறைவு' என்ற தலைப்போடு வந்தவர். மூன்றாவது சனிக்கிழமை ஃபோன் செய்தார்.

"மேடம், பஸ் வாங்கப் போறவரு இன்னைக்கும் வந்து ஷெட்டுலயே உக்காந்திருக்காருங்க. போன வாரமும் இருந்தாரு. சீட்டுக்கு நடுவுல இடம் பத்தலை, மாத்துங்கன்னு சொல்றாரு. மேஸ்திரி முதலாளியக் கேக்கவே இல்லைங்க மேடம், அவரே சரின்னுட்டாரு."

"முதலாளி எங்கே?"

"ஆபீஸ்லதான் இருக்காரு. அவருக்குத் தெரியாதுங்க."

"மணி என்னம்மா?"

"பதினொன்னே கால் மேடம்."

"எழுதிக்கோ" என்றேன்.

(அடுத்த வாரம்: டாக்டோரல் கமிட்டி முன்னால்)