நோன்பும் நீரிழிவும்

ரமலான் நெருங்கினால் எங்கள் தெருவில் நோன்புக் கஞ்சியைப் பற்றிப் பேசுவார்கள். மாத்திரையைப் பற்றி எவரும் பேசமாட்டார்கள். இத்தனைக்கும் பல வீடுகளில் ஒருவருக்கேனும் நீரிழிவு உண்டு. எங்கள் வீட்டில் அத்தாவுக்கு. நோன்பு நேரத்தில் இவர்கள் உடலுக்குள் என்ன நிகழ்கிறது, தொலைபேசி வழியே கற்பிப்பதால் என்ன பயன் என்பதை விலங்கியல் மாணவி என்ற முறையில் எழுத முற்படுகிறேன்.

நம் பகுதியில் நோன்பு நேரம் ஏறத்தாழ பதின்மூன்று மணிக்கும் மேல். ஸஹர் உணவு செரித்த பிறகு, கல்லீரல் தான் சேமித்த கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. நலமுள்ளவருக்கு அவ்வேளையில் இன்சுலின் சுரப்பு தானே குறையும். ஆனால் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவரின் கணையமோ, வயிற்றில் உணவு உண்டா இல்லையா என்று பாராமல் இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். சர்க்கரை இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பிறகு பேச்சுத் தடுமாற்றம், மயக்கம். நோன்பென்று மாத்திரையை அறவே நிறுத்தியவருக்கும், நோன்பு திறந்ததும் வடை, சமோசா, சர்பத் என்று அடுக்குபவருக்கும் இதற்கு நேர்மாறாகச் சர்க்கரை ஏறும்.

2001ல் 13 நாடுகளில், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடம் கடுமையான தாழ்நிலைச் சர்க்கரை, மற்ற மாதங்களைவிட ரமலானில் ஏழரை மடங்காக இருந்தது. அதே வகையினரில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பிருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நோயாளி வேறொரு நாளில் நோற்கலாம் என்று மார்க்கமே சலுகை தருகிறது. ஆயினும் மனம் கேட்பதில்லை. "நோன்பு வைக்காதீர்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு மருத்துவர் நிறுத்திக்கொண்டால், நோயாளி அவரிடம் சொல்லாமலே நோன்பு வைப்பார்.

ஆகவேதான் கல்வி. பிரிட்டனில் நடந்து 2010ல் வெளியான ஓர் ஆய்வில், முன்கூட்டிப் பாடம் கேட்ட குழுவினருக்கு ரமலானில் தாழ்நிலைச் சர்க்கரை 9 தடவையிலிருந்து 5 ஆகக் குறைந்தது. கேளாத குழுவினருக்கு 9லிருந்து 36 ஆக உயர்ந்தது.

2020ல் ரமலான் ஊரடங்குக்கு நடுவில் வந்தது. அதற்குச் சற்று முன், மார்ச் மாதத்தில், தொலைமருத்துவத்துக்கு இந்திய அரசு நெறிமுறை வகுத்திருந்தது. மருத்துவமனைக்குப் போக முடியாதவர்களைத் தொலைபேசி எட்டியது. எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒரு மருத்துவமனைச் செவிலியரின் பாடம் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டு மூவரும் கேட்டோம். அவர் முதலில் அத்தாவிடம் பேசவில்லை, "ஸஹருக்கு எத்தனை மணிக்கு அம்மா அடுப்பு மூட்டுவீர்கள்?" என்று என் தாயாரிடம் கேட்டார். சமைப்பவர் அறியாத பாடத்தால் என்ன பயன்? ஸஹரைக் கடைசி நேரத்துக்குத் தள்ளவேண்டும், இரவில் தண்ணீர் போதிய அளவு குடிக்கவேண்டும், மாத்திரையின் வேளையையும் அளவையும் மருத்துவர்தான் மாற்றவேண்டும் என்றார்.

"விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறிந்துவிடாதா?" என்று அத்தா கேட்டார். முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் முடிவு. ஆனால் 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை உடனே விட்டுவிடவேண்டும். அடையாளங்கள் தெரிந்தாலோ எண்ணைப் பாராமலே விடவேண்டும்.

ஒருநாள் மாலை நாலரை மணிக்கு அத்தாவுக்கு வியர்த்தது. கருவி 64 காட்டியது. "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே" என்றார். அம்மா மூன்று கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரை நீட்டி, "போனில் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க?" என்றார். அத்தா மறுபேச்சின்றிக் குடித்தார். அந்த ஒரு நோன்பை மாதம் கழிந்து களா செய்துவிட்டார்.

தொலைபேசி எல்லாவற்றுக்கும் போதாது. காலில் உள்ள புண் அதற்குத் தெரியாது. முதல் வகை நீரிழிவு உடையோர், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானோர் ஆகியோர்க்குப் பொதுவாக நோன்பு வேண்டாமென்றே அறிவுறுத்துகிறார்கள். இவர்கள் மருத்துவரை நேரில்தான் காணவேண்டும். மற்றவர்களும் ரமலானுக்கு ஆறு அல்லது எட்டு வாரம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருவதால், சென்ற ஆண்டுத் தேதியை நம்பியிருக்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். இப்போது அந்தத் தொலைபேசிப் பாடத்துக்கு அடுத்த வீட்டுப் பெரியம்மாக்களும் மாத்திரை அட்டைகளோடு வந்து அமர்கிறார்கள். ஆங்கிலப் பெயர்களை வாசித்துச் சொல்வதும், மருத்துவர் மாற்றித் தந்த வேளைகளை அவரவர் நாட்காட்டியில் தமிழில் குறித்துக் கொடுப்பதும் என் வேலை.