செத்த கிருமிக்கு நடுங்கும் சம்பந்தி!

"மருந்து முடிஞ்சும் சிலைடுல கிருமி தெரியுதாமே?" - தொழுநோய் குணமானவரைப் பற்றி வீட்டுக்காரர், முதலாளி, சம்பந்தி எல்லாரும் கேட்கிற கேள்வி இது.

தெரியும்தான். ஆனால் அது பிணம்!

செங்கல்பட்டு அருகே திருமணியில் இந்த நோய்க்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோதனை இப்படித்தான்: காது மடலை ரத்தம் வராதபடி விரலால் இறுக்கிப் பிடித்து, பிளேடால் சின்னக் கீறல். சுரண்டி எடுத்த சதைநீரைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தில் அலசுவார்கள். மற்றதெல்லாம் வெளுத்துவிடும். இந்தக் கிருமி மட்டும் சாயத்தை விடாது. ரொம்ப அழுத்தம்! பிறகு நீலச் சாயம்.

மைக்ராஸ்கோப்பில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள், பீடிக்கட்டு மாதிரி. முற்றிய ஆளுக்கு ஒரே பார்வை வட்டத்தில் 1,000-க்கு மேல்கூட இருக்கும். 1873-ல் நார்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்த அதே கிருமி.

உயிருள்ளது முழுக் குச்சியாக, ஒரே சிவப்பாக இருக்கும். செத்தது துண்டு துண்டாய், பொடிப்பொடியாய்க் கிடக்கும். அந்தக் குப்பையை உடம்பு கூட்டித் தள்ள வருடக்கணக்காகும். அது யாருக்கும் தொற்றாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஓரிரு தேமல் மட்டும் இருப்பவருக்கு சிலைடு சுத்தமாகவே இருக்கலாம். 'நெகடிவ்' என்று சும்மா இருந்தால் போச்சு! தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் தோலில் சிறு துண்டு வெட்டி, மெல்லிய சீவலாக்கிப் பார்ப்பார்கள். நரம்பைச் சுற்றி வெள்ளணுக்கள் மொய்த்திருந்தால் குட்டு உடைந்தது.

இவர்களுக்கு 6 மாதம், கிருமி மிகுந்தவர்களுக்கு 12 மாதம் கூட்டு மருந்து. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.