கிடாவின் வயது

வரையாட்டுக் கிடாவுக்கு வயது ஏற ஏற உடல் கருக்கும். முதுகு மட்டும் சேணம் போட்டதுபோல் வெளுக்கும். நீலகிரியில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் தேடித் திரிந்தது இந்தக் கிழக்கிடாவைத்தான். வேட்டை உரிமத்தை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் காட்டுயிரைக் காக்க முடியுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்த வெளுத்த முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

1877இல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் ஒன்று உருவானது. அதற்குள் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சினை, குட்டி என்று பாராமல் சுட்டதில் வரையாட்டு மந்தைகள் கரைந்துபோயிருந்தன. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் சுடக்கூடாது என்றானது. பெட்டைக்கும் குட்டிக்கும் விலக்குக் கிடைத்தது. முதுகு வெளுத்த கிடாதான் வேட்டைக்குரியது என்பது வழக்கமாயிற்று. உரிமப் பணத்தில் காவலாளிகளுக்குச் சம்பளம் போனது. ஆள வந்தவர்கள் தங்கள் பொழுதுபோக்கைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு இது. ஆனாலும் அதன் உயிரியல் சரியாக இருந்தது.

ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும். அடுத்த ஆண்டு எத்தனை குட்டி பிறக்கும் என்பதைப் பெட்டைகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. ஆகவே, தன் வாரிசுகளை விட்டுவிட்ட முதிய கிடா ஒன்று போனால் மந்தை குறையாது. 'விட்டுவிட்ட' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மலை என்ற இடம் உண்டு. அங்குள்ள பெருங்கொம்புச் செம்மறிகளின் முப்பதாண்டு வம்சாவளியை ஆராய்ந்த டேவிட் கோல்ட்மனும் சகாக்களும் 2003இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். கொம்பு குறிப்பிட்ட அளவு வளைந்தால் சுடலாம் என்பது அங்கே விதி. வேகமாகக் கொம்பு வளர்ந்த ஆண்கள் நான்கு வயதிலேயே அந்த அளவை எட்டின. பெரிய கொம்பு பெட்டைகளை வென்றுதருவதோ ஆறு வயதுக்குப் பிறகு. இடைப்பட்ட காலத்தில் குண்டு முந்திக்கொண்டது. சிறு கொம்புள்ளவை மிஞ்சிப் பெருகின. தலைமுறைக்குத் தலைமுறை கொம்பும் சுருங்கியது, உடலும் சுருங்கியது. எதைத் தேடி வேட்டைக்காரன் வந்தானோ, அதையே அவன் குண்டு இனத்திலிருந்து களைந்துகொண்டிருந்தது!

ஏலத்தின் நல்ல முகத்தைப் பார்க்கப் பாகிஸ்தானுக்குப் போகவேண்டும். திருகுக்கொம்பு மார்க்கோர் ஆட்டைச் சுடும் உரிமம் அங்கே ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போகிறது. அதில் 80 விழுக்காடு அந்த மலையோரச் சமூகத்துக்கு. ஆண்டுக்கு 12 ஆடுகள் மட்டுமே என்பது பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் வரம்பு. பலுசிஸ்தானின் தோர்கர் மலையில் 1980களின் நடுவில் மார்க்கோர் நூறுகூட இல்லை. ஊர்க்காரர்கள் தாங்கள் சுடுவதை நிறுத்தினார்கள். வேட்டைக்காரர்களே சம்பளக் காவலர்கள் ஆனார்கள். வெளிநாட்டாரின் சில வேட்டைகளில் வந்த பணம் அந்தச் சம்பளத்தைக் கொடுத்தது. இருபதாண்டில் மந்தை ஈராயிரத்தைத் தாண்டியது. காப்பாற்றியது விலை என்று நான் நினைக்கவில்லை. ஆட்டின் பக்கத்தில் வாழ்பவர்கள் கைக்குப் பணம் போய்ச் சேர்ந்ததுதான் காப்பாற்றியது. அதே தொகை தலைநகரக் கருவூலத்தில் கரைந்திருந்தால் தோர்கரில் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்காது.

இந்தியா வேறு வழியில் போனது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டம் முதலில் சில விலங்குகளுக்கு வேட்டை உரிமம் அளித்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. அது சரியான முடிவு என்றே எண்ணுகிறேன், காரணம் புதுச்சேரியின் காலாப்பட்டுக் கடற்கரையிலேயே இருக்கிறது. அந்தக் கரையில் தை, மாசியில் முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமைக்குச் சுவரில் மாட்டக் கொம்பு இல்லை. அதை ஏலத்தில் எடுக்க எந்தச் செல்வந்தரும் வரமாட்டார். கொம்புள்ளவற்றுக்கு மட்டும் காசு கொண்டுவரும் முறையை நம்பி ஒரு நாடு தன் உயிரினங்களை விட்டுவிட முடியாது.

அப்படியானால் செலவைப் பொதுப்பணம்தான் ஏற்கவேண்டும். வரையாட்டுக்குத் தமிழ்நாடு அதைச் செய்கிறது. 2022இல் சுமார் 25 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆடுகள், அடுத்த ஆண்டு 1,303. மலையேறி எண்ணியவர்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உண்டு. அவர்களில் பலர் அந்தக் காட்டுப் பழங்குடியினர், நிரந்தர வேலை இல்லாதவர்கள். தோர்கரில் வேட்டைப் பணம் முதலில் போனது இவர்களைப் போன்றவர்களிடம்தான். இங்கும் அடுத்த ஒதுக்கீட்டின் முதல் வரி இவர்களது நிலையான சம்பளமாக இருக்கவேண்டும்.