கரண்ட் சூளை சூடேறவில்லையா? முதலில் நோட்டைப் பாருங்கள்!



அகல் விளக்கு, சுடுமண் நகை செய்யும் குழுக்களில் சிலர் கரண்ட் சூளை வாங்கியிருக்கிறோம். விறகு தேட வேண்டாம், புகை இல்லை, மழைக்காலத்திலும் சுடலாம். ஆனால் அது குழுக்கடனில் வாங்கிய சூளை. ஒரு வாரம் நின்றுபோனால் அந்த மாதத் தவணைக்கு யார் வீட்டு நகையை அடகு வைப்பது?

எங்கள் குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறோம். கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். 8 மணி நேரத்தில் 950 டிகிரி வரும் சூளை, அன்றைக்கு 12 மணி நேரம் ஓடியும் 700 டிகிரியைத் தாண்டவில்லை. ஆறவிட்டுத் திறந்து பார்த்தால் விளக்கெல்லாம் வெளிறிக் கிடந்தது. தட்டினால் கணீரென்று சத்தம் வரவில்லை, மொத்தென்றது. பார்க்க வந்த மெக்கானிக், "காயில் எல்லாம் போச்சும்மா, மொத்தமா மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். பணத்துக்கு எங்கே போவது என்று அன்று ராத்திரி யாருக்கும் தூக்கமில்லை.

மறுநாள் எங்கள் சூளை நோட்டைப் புரட்டினோம். போன தடவை வரைக்கும் 8 மணி நேரம்தான். ஒரே நாளில் எல்லாக் காயிலுமா கெட்டுப் போகும்? வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினோம். மூன்று பேஸில் ஒன்றுக்குப் பியூஸ் போயிருந்தது. அவ்வளவுதான்! எங்கள் சூளையில் ஒவ்வொரு பேஸுக்கும் தனிக் காயில். ஒன்று நின்றதால் மூன்றில் ஒரு பங்கு சூடு போய்விட்டது. பியூஸ் மாற்றி, வேகாத விளக்குகளையே மறுபடி அடுக்கிச் சுட்டோம். நன்றாக வெந்து வந்தன.

ஆகவே சகோதரிகளே, சூளை மக்கர் செய்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கோளாறு திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா?

திடீரென்று வந்தால்

ஏதோ ஒன்று அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும்.

1. சூடே இல்லையென்றால் மெயின், டிரிப்பர், பியூஸ் பாருங்கள். சில சூளைகளில் கதவு சரியாக மூடாவிட்டாலும் கரண்ட் வராது.

2. பாதிச் சூடுதான் என்றால் ஒரு பேஸ் போயிருக்கலாம், ஒரு காயில் அறுந்திருக்கலாம். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. காலியான, ஆறிய சூளையில் மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு காயில் மேலும் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். கதவை மூடி ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் போட்டு, மறுபடி மெயினை அணைத்துவிட்டுத் திறங்கள். எந்தக் காகிதம் கருகவில்லையோ அந்தக் காயிலுக்குக் கரண்ட் போகவில்லை.

3. சூடு ஏற ஏற மீட்டரில் டிகிரி இறங்கினால், சூடு அளக்கும் தெர்மோகப்பிளின் இரண்டு வயரும் மாறிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

4. வைத்த டிகிரி வந்தும் சூடு நிற்கவில்லையா? உடனே மெயினை அணையுங்கள். உள்ளே இருக்கும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். இதனால்தான் சூளையைப் போட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தால்

8 மணி நேரம் 9 ஆகி, 10 ஆனால் காயிலுக்கு வயசாகிறது. இதற்குப் பணம் சேர்க்க நமக்கு அவகாசம் இருக்கிறது. மாற்றும்போது ஒரு செட்டாக மாற்றுங்கள். புதுக் காயில் போட்டதும் முதல் தடவை சாமான் வைக்காமல் 1000 டிகிரி வரை ஓட விடுங்கள். காயில் மேல் காப்புப் படலம் உண்டாகும், ஆயுசு கூடும்.

சாயங்காலம் மட்டும் தாமதமானால் வோல்டேஜைச் சந்தேகப்படுங்கள். 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் முக்கால் பங்கு சூடுதான் கிடைக்கும். வோல்டேஜ் நன்றாக இருக்கும் நேரத்தில் சுடுங்கள்.

வராமல் காக்க

* நன்றாகக் காயாத சாமானை வைக்காதீர்கள். வெடித்துச் சிதறும் மண் துண்டு காயில் பள்ளத்தில் விழுந்தால் அந்த இடத்தில் சூடு தேங்கிக் காயில் அறுந்துவிடும்.
* ஒவ்வொரு தடவையும் ஆறிய பிறகு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். பழைய காயில் நொறுங்கும், வளைக்காதீர்கள்.
* அவசரப்பட்டுக் கதவைத் திறக்காதீர்கள். 100 டிகிரிக்குக் கீழே வரட்டும். இல்லாவிட்டால் சாமானும் விரியும், உள்சுவரும் விரியும்.

உயிர் முக்கியம்

எர்த் இல்லாமல் சூளையைப் போடவே கூடாது. தொட்டால் சுருக்கென்றால், வயர் கருகின வாசனை வந்தால், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூடியைக் கழற்றி வயரைத் தொடுவது நம் வேலை இல்லை. என்ன கோளாறு என்று தெரிந்து சொல்வதுதான் நம் வேலை.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, போட்ட நேரம், 500 டிகிரி வந்த நேரம், முடிந்த நேரம், கரண்ட் மீட்டர் ரீடிங் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு சூளைக்கும் எழுதுங்கள். தீர்மான நோட்டைப் போல, இதையும் மாதக் கூட்டத்தில் வாசியுங்கள். அன்றைக்கு எங்கள் பணத்தைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.