இரத்தத்துக் கொழுப்பமிலமும் இன்சுலினும்

நீரிழிவு என்ற மாத்திரத்தே நம்மவர் நினைவுக்கு வருவது சீனி. ஒருவருக்குச் சலரோகம் என்றறிந்ததும் அவர்முன் உள்ள தேநீர்க் கோப்பையையே முதலிற் பார்க்கின்றோம். இந்நோயின் வேரிற் கொழுப்புக்கும் பெரும்பங்கு உண்டென எண்ணுவோர் சிலரே. நாம் விஞ்ஞான ஆசிரியரல்லோம், தமிழ் கற்பிப்போம். எனினும் நம் வகுப்பிலிருந்து சென்றோர் பலர் நாற்பதை எட்டுமுன்னரே இந்நோய்க்கு மருந்துண்ணக் காண்கின்றோமாதலின், கற்றறிந்ததை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

சதையியில் தீவுகள்போலத் திட்டுத்திட்டாய் அமைந்த கலங்களிற் சுரப்பதால், தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் பெயர்பெற்றது. குளுக்கோசைத் தசைக்குட் புகவிடுவதும், ஈரல் அதனை அளவின்றி வெளியிடாது தடுப்பதும் அதன் தொழில்கள். மூன்றாவது தொழிலே இங்கு வேண்டுவது. கொழுப்பிழையம் தன் சேமிப்பைக் கரைத்துக் கொழுப்பமிலமாக இரத்தத்தில் விடுவதையும் இன்சுலின் அடக்குகின்றது. இரவு உணவின்றி உறங்கும்போது இன்சுலின் குறையும். கொழுப்பமிலம் பெருகித் தசைக்கு எரிபொருளாகும். காலையுணவின்பின் இன்சுலின் ஏறக் கொழுப்பமிலம் தணியும். களஞ்சியம் நிரம்பி வழியுமளவு கொழுப்புச் சேர்ந்தவரிடத்தே, சிறப்பாக வயிற்றிற் சேர்ந்தவரிடத்தே, இவ்வொழுங்கு குலைகின்றது. தணியவேண்டிய நேரத்திலும் தணியாத கொழுப்பமிலம் தசையிலும் ஈரலிலும் சென்று தங்குகின்றது.

இதனால் விளைவது யாது? கேம்பிறிட்ஜில் ஆராய்ந்த பிலிப் றாண்டிலும் துணைவரும் 1963இல் ஒரு விடை கூறினர். கொழுப்பமிலமும் குளுக்கோசும் எரிபொருளாவதிற் போட்டியிடுவன; கொழுப்பை எரிக்கும் தசை குளுக்கோசை எரியாது விடும் என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின், உட்புகுந்த குளுக்கோசு முதலில் மாறும் பொருளாகிய குளுக்கோசு-6-பொசுபேற்று கலத்தினுள் தேங்கி மிகவேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷுல்மன் குழுவினர் நோயற்றோர் சிலரின் நாளத்திற் கொழுப்புக் குழம்பைச் செலுத்திச் சோதித்து 1996இல் முடிபை வெளியிட்டனர். மூன்று மணி நேரத்துக்கு மேலான பின்னரே குளுக்கோசு ஏற்பது குறையத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதியாயிற்று. ஆனால் அப்பொசுபேற்று மிகவில்லை; குறைந்தது! அடுப்பிலன்று, வாயிலிலேயே தடை என்பது புலனாயிற்று. கலத்துள் தேங்கும் கொழுப்பின் இடைப்பொருள்கள் இன்சுலினின் செய்தியை இடைமறிக்கின்றன என்பர் அக்குழுவினர். ஆய்வாளர் யாவரும் இதனை முற்றாக ஒப்பினாரல்லர்.

இந்நிலையை 'இன்சுலின் எதிர்ப்பு' என வழங்குகின்றனர். அச்சொல் நமக்கு உவப்பன்று. தசை பகைத்து நிற்கவில்லை. அழைப்பைச் செவிமடுக்க மாட்டாதிருக்கின்றது. 'இன்சுலின் மந்தம்' என்றிருப்பின் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

செவிடனிடம் உரக்கப் பேசுவதுபோலச் சதையி மேன்மேலும் இன்சுலினைச் சுரக்கும். ஆகவே பல்லாண்டு காலம் இரத்தச் சீனி ஒழுங்காகவே காட்டும். சதையி களைத்தபின்னரே நோய் வெளிப்படும். வழமையான கொலஸ்திரோல் சோதனையும் இக்கொழுப்பமிலத்தை அளப்பதன்று. தென்னாசியரோ, மெலிந்த கைகால்களோடும் வயிற்றிற் கொழுப்பு மிக்கிருக்கக்கூடியவர். இவ்வியல்பு கருதியே, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர், ஆசியர்க்கு உடற்பருமன் சுட்டெண் 23இலேயே எச்சரிக்கை வேண்டுமென 2004இல் வெளியிட்டனர். மெலிந்தவன் தானே என்று தன்னைத் தேற்றிக்கொள்ளும் பழைய மாணவர் இதனைக் கவனிப்பாராக.

ஒன்று கூறி அமைவோம். இயங்கும் தசை, இன்சுலினின் உதவியின்றியே குளுக்கோசை உள்வாங்கவல்லது. தன்னுட் கிடக்கும் கொழுப்பையும் எரிக்கும். கல்லூரி மைதானத்தைச் சுற்றி ஓடிய நாளில் நம் மாணவரின் கால்கள் இதனையே செய்துகொண்டிருந்தன.