குருண் வழியே முடியும் கண்டம்

போர்ச்சுகலின் கபோ டா ரோகா முனையில் அட்லாண்டிக் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கிழக்கே மிதிக்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். துருக்கி, மத்திய ஆசியா, சீனா, லாவோஸ் என்று மலையும் பாலையும் கடந்து, தாய்லாந்தின் சமவெளியில் கொஞ்சம் மூச்சு விட்டு, கடைசியாக அவர்கள் வந்து சேரும் நாடு நம் மலேசியா. ஆசியப் பெருநிலம் ஜொகூரின் தஞ்சோங் பியாயில் தீர்ந்துபோகிறது. அதுவரை போகப் பொறுமை இல்லாதவர்கள் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் முடித்துக்கொள்வார்கள்.

தாய்லாந்து எல்லையில், புக்கிட் காயு ஹீத்தாமில் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தால் ஜித்ரா, அலோர் ஸ்டார் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டரில் குருண். மூட்டை கட்டிய சைக்கிளுக்கு அது ஒரு நாள் மிதிப்பு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அதனால் 1994க்குப் பிறகு கார்க்காரர்கள் மறந்துபோன பழைய சடக்குதான் அவர்களுக்கு வழி. அந்தச் சடக்கு குருண் கடைத்தெருவின் நடுவில் போகிறது. இங்கிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய 750 கிலோமீட்டர். பத்தாயிரத்துக்கு மேல் மிதித்து வந்த காலுக்கு அது ஒரு பெரிய தூரமில்லை.

ரொட்டி சானாய் கடை வாசலில் இரண்டு பக்கமும் பை தொங்கும் சைக்கிள் சாய்ந்திருந்தால் உள்ளே அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். முகம் செங்கல் நிறத்தில் இருக்கும். மூன்று ரொட்டி தின்றுவிட்டு நான்காவதுக்குக் கை காட்டுவார். விடியுமுன் கிளம்பி, பதினொரு மணிக்குள் முடிந்தவரை மிதித்துவிட்டு, மாலை மழைக்கு முன் ஒரு கூரை தேடிக்கொள்வதுதான் இந்த வெயிலில் நடக்கிற கதை என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருப்பார். பயணம் முடியப்போகிறதே, சந்தோஷமா என்று கேட்டால் உடனே பதில் வராது.

முடிவு என்பது இந்த வகைப் பயணிகளுக்கு எப்போதுமே கொஞ்சம் கோணலாகத்தான் வாய்த்திருக்கிறது. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். 1928 மார்ச் 18 அன்று ஊர் திரும்பியவர்கள் மூன்று பேர்: அடி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா. மற்றவர்கள் வழியிலேயே கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு அமெரிக்கா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். மூவரும் மிதித்த தூரம் சுமார் 71,000 கிலோமீட்டர். ஒடிசாவின் ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா 1977 ஜனவரியில் டெல்லியிலிருந்து சைக்கிளில் கிளம்பியது சாதனைக்காக அல்ல, சுவீடனில் இருந்த மனைவியைப் பார்க்க. ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று மிதித்தவர், வியன்னாவிலிருந்து மிச்சத்தை ரயிலில் கடந்துவிட்டார். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் வரைபடத்தில் கோடு அறுந்துவிட்டது என்று நச்சரிக்க ஆள் இருக்கும். மகாநந்தியாவுக்குக் கோடு முக்கியமில்லை, போய்ச் சேர வேண்டிய வீடுதான் முக்கியம். எனக்கென்னவோ அவர் கட்சிதான் சரி.

குருணுக்கு மட்டும் இன்னொரு சைக்கிள் பயணம் சொந்தம். அதை யாரும் உல்லாசத்துக்காக மிதிக்கவில்லை. 1941 டிசம்பர் 8 அன்று தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கிய ஜப்பானியப் படையின் ஒரு பகுதி இதே சடக்கில் சைக்கிளில் வந்தது. ஜித்ரா அரண் 12ஆம் தேதி கலைந்தது. அடுத்துத் தடுக்கலாம் என்று பிரிட்டிஷ் தளபதிகள் தேர்ந்தெடுத்த இடம் குருண். காரணத்தை இன்றும் நின்று பார்க்கலாம்: மேற்கே 1,217 மீட்டர் ஜெராய் மலை, கிழக்கே காடு மூடிய குன்றுகள், நடுவில் ஒரு சந்து. ரோடும் ரயிலும் அதற்குள்தான் நுழைந்தாக வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் அருமையான இடம். ஆனால் ஜித்ராவிலிருந்து மழையில் நடந்தும் ஓடியும் வந்த பஞ்சாப் ரெஜிமென்ட்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் குழி வெட்டவே நேரம் போதவில்லை. 15ஆம் தேதி விடியலில் 6வது பிரிகேட்டின் தலைமையகமே தாக்குதலில் அழிந்தது. மிஞ்சிய படை மூடா ஆற்றைத் தாண்டித் தெற்கே போயிற்று.

சைக்கிளில் வந்தவன் நிற்கவில்லை. பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். பெட்ரோல் தேவையில்லை, தோட்டத்துச் செம்மண் பாதையிலும் ஓடியது. பற்றாததற்கு ஊர்ச் சனங்களின் சைக்கிளும் பறிபோனது. டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தில் மிதித்தார்கள், அந்த இரைச்சலை இரவில் கேட்டவர்கள் டாங்கி வருகிறது என்று நினைத்தார்கள் என்று போர்க்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஜனவரி 31 அன்று பிரிட்டிஷார் ஜொகூர் பாலத்தைத் தாங்களே உடைத்துவிட்டுத் தீவுக்குள் ஒதுங்கினார்கள். கரையிறங்கிய இடத்திலிருந்து ஜொகூர் வரை 55 நாள், சுமார் 1,100 கிலோமீட்டர், வழியெல்லாம் சண்டை. இன்றைய பயணி ரொட்டி தின்றுகொண்டு போகிற அதே தடம்.

சண்டை ஓய்ந்த பிறகு சைக்கிள் தோட்டத்துக்குத் திரும்பியது. பீடோங், ஜெனியாங், குருண் சுற்றுவட்டத்துக் கித்தா தோட்டங்களில் விடிகாலைப் பெரட்டு முடிந்ததும் நிரைக்குப் போகிற சைக்கிள் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின் கேரியரின் இரண்டு பக்கமும் பால் வாளி, இடுப்பில் வெட்டுக்கத்தி, நெற்றியில் விளக்கு. திரும்பும்போது வாளி நிறையப் பால். தளும்பாமல் மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுக்கக் கொடுக்க வேண்டும். கண்டம் தாண்டுகிறவர் பின்னால் கட்டியிருக்கிற முப்பது நாற்பது கிலோவைப் பார்த்து நாம் வாயைப் பிளக்கிறோம். நம் பாட்டன்மார் அதைத் தினமும், தளும்பும் பாலாக ஏற்றி மிதித்திருக்கிறார்கள். அவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை.

அதே சைக்கிளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். லயத்திலிருந்து பள்ளிக்குத் தோட்டத்துக்குள்ளேயே பாதை இருந்தது. பெரிய சடக்கை மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த ஏற்பாடு குலைந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. கித்தா போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கு நகர்ந்தன. நாட்டில் உள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி தோட்டப்பள்ளியாகப் பிறந்தவை. பல பள்ளிகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன, பிள்ளைகள் மட்டும் டவுனில். நடுவில் இருப்பது பெரிய சடக்கு. அதில் லாரியும் பஸ்ஸும் தொழிற்சாலை வண்டிகளும் ஓடுகின்றன. ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சில இடங்களில் ஒரு முழம் தார், சில இடங்களில் நேரே வாய்க்கால்.

“வெள்ளக்காரன் ஒலகத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றான். என் பேரப்புள்ளைக்கு அரை மைல் போவ முடியல தம்பி,” என்றார் பால்வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர். அவர் பேரனுக்குச் சைக்கிள் இருக்கிறது. தாமானின் கடைசி வீட்டோடு அதன் உலகம் முடிகிறது. பள்ளிக்கு வேன். வேன் காசு ஒவ்வொரு மாதமும் வீட்டில் ஒரு பேச்சு. இரண்டு பிள்ளைகள் என்றால் பேச்சு நீளும்.

சைக்கிளைத் தோட்டத்திலிருந்து விரட்டியது மோட்டார். அதற்கும் குருணுக்கும் நேரடி உறவு உண்டு: 1996இல் சந்தைக்கு வந்த தேசிய மோட்டார் சைக்கிள் உருவானது இந்த ஊர்த் தொழிற்சாலையில்தான். மோட்டார் வந்ததால் உழைப்பாளியின் முதுகு பிழைத்தது, ஆஸ்பத்திரியும் டவுனும் கிட்டே வந்தன என்று சொல்கிறவர்கள் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போகிறவர்கள். பதினாறு வயதில்தான் லைசென்ஸ். பதின்மூன்று வயதுப் பையன் சைக்கிளில் போனால் ஆபத்து என்று தடுக்கிற அப்பா, அவனே மாமாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் கண்டுகொள்வதில்லை.

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பின்னிரவில் சைக்கிளோடு எட்டுச் சிறுவர்கள் ஒரே விபத்தில் இறந்தார்கள். அதன்பின் சைக்கிள் என்றாலே ‘பாசிகால் லாஜாக்’ என்கிற பயம் பெற்றோர் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. பிரேக் கழற்றிய சைக்கிளில் நெஞ்சு படுத்துப் பாய்கிறவனும், புத்தகப்பையோடு பள்ளிக்குப் போகிறவனும் ஒன்றாகிவிட்டார்கள். ஆனால் இரண்டு சக்கரத்தில் போகிறவர்களுக்குப் பாதுகாப்பான வழி அமைப்பது இந்த நாட்டுக்குத் தெரியாத வித்தை அல்ல. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித் தடம் போட்ட நாடு இது. உலகத்துக்கே முன்மாதிரி என்று அதைப் பேசுவார்கள். அந்தப் புத்தியில் ஒரு துளி, பழைய சடக்கில் பள்ளிக்கூடங்களை ஒட்டிய துண்டுகளுக்காவது போதும்: ஒரு மீட்டர் அகலம், வாய்க்காலுக்கு மூடி, பள்ளி வாசலில் கடக்க ஒரு விளக்கு. கண்டம் தாண்டி வருகிறவருக்கும் அது உதவும், ஆனால் அவருக்காகக் கேட்கவில்லை.

அவர் எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொள்வார். விவரம் தெரிந்த பயணிகள் அலோர் ஸ்டாரிலேயே கடற்கரைப் பக்கம் ஒதுங்கி, வயல்களுக்கு நடுவே யான் வழியாக ஜெராய் மலையின் மேற்கு அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு தஞ்சோங் டாவாய் போகலாம். அங்கே படகேறி ஆற்றைத் தாண்டினால் பந்தாய் மெர்டேக்கா. லாரித் தொல்லை குறைவு, காற்றும் உண்டு. குருண் கடைக்கு நான்கு ரொட்டி வியாபாரம் போகும், அவ்வளவுதான். பெரியவரின் பேரனுக்கு மலையைச் சுற்றிப் போக வழியில்லை. அவன் பள்ளி சடக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, வேன் காலை ஆறே காலுக்கு வருகிறது.